மேக் அவுட், ஃபிகர் அவுட், ஃபைன்ட் அவுட்: எதை எங்கே சொல்வது?

வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ‘எனக்குப் புரியவில்லை’ என்பதற்கு எப்போதும் ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றுதான் சொல்கிறேன். உடன் வேலை பார்ப்பவர் ‘ஐ கான்ட் மேக் இட் அவுட்’ என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? ‘செய்’, ‘வெளியே’ என்று பிரித்துப் பார்த்தால் ஒரு பொருளும் வரவில்லையே?

பதில்: ஒன்றல்ல. ‘அண்டர்ஸ்டாண்ட்’ பொதுவான சொல். புரியாததற்குக் காரணம் என்ன என்பதை அது சொல்லாது. ‘மேக் அவுட்’ அதைச் சொல்லிவிடும். கண்ணுக்கோ காதுக்கோ சரியாக எட்டாத ஒன்றைச் சிரமப்பட்டு அடையாளம் காண்பதுதான் அதன் முதற்பொருள். மங்கிப்போன எழுத்து, இருட்டில் நிற்கும் உருவம், இரைச்சலுக்கு நடுவே வரும் அறிவிப்பு, விட்டுவிட்டுக் கேட்கும் தொலைபேசிக் குரல் ஆகியவையெல்லாம் ‘மேக் அவுட்’டுக்கு உரியவை.

ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ கான்ட் மேக் அவுட் தி ஹேண்ட்ரைட்டிங்’ என்றால் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் தி பிரிஸ்கிரிப்ஷன்’ என்றால் எழுத்து தெரிகிறது, ஆனால் எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது என்பது விளங்கவில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்பவர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். இரண்டாவதைக் கேட்பவர் விளக்கம் சொல்வார்.

தொலைபேசியிலும் இப்படித்தான். ‘ஐ கான்ட் மேக் அவுட் வாட் யூ ஆர் சேயிங்’ என்றால் எதிர்முனையில் இருப்பவர் அதையே உரக்கச் சொல்வார். ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் வாட் யூ ஆர் சேயிங்’ என்றால் வேறு வார்த்தைகளில் விளக்க முயல்வார். லைன் சரியில்லாத நேரத்தில் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, அவர் நீட்டி முழக்கி விளக்குவதையும் சரியாகக் கேட்க முடியாமல் திண்டாடுவது நிறையப் பேருக்கு நேர்வதுதான்.

பிரித்துப் பொருள் பார்ப்பது பற்றி: ஃப்ரேசல் வெர்ப் எனப்படும் இவ்வகை வினைகளில் இரண்டு சொற்களின் பொருளையும் கூட்டினால் பெரும்பாலும் விடை வராது. வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றும் இந்த வழக்கம் அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் ‘அவுட்’ முற்றிலும் பொருளற்றதல்ல. மறைந்திருந்தது வெளிப்படுகிறது என்ற குறிப்பு அதில் உண்டு. மேக் அவுட், ஃபிகர் அவுட், ஒர்க் அவுட், ஃபைன்ட் அவுட் நான்கிலும் தெரியாமல் இருந்த ஒன்று தெரியவருகிறது. எந்த வழியாகத் தெரியவந்தது என்பதை முதற்சொல் சொல்கிறது. ‘எனக்கும் அந்த விஷயத்துக்கும் நடுவே எது நின்றது?’ என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கண்ணுக்கோ காதுக்கோ எட்டவில்லையா, தகவல் இல்லையா, யோசனை போதவில்லையா? அதைப் பொறுத்து வினையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ‘ஐ ஆம் நாட் மேக்கிங் அவுட் எனிதிங்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். என்ன தவறு?

பதில்: இந்தப் பொருளில் ‘மேக் அவுட்’ பெரும்பாலும் ‘கேன்’ அல்லது ‘குட்’ என்ற சொல்லோடுதான் வரும். தெரிகிறதா, தெரியவில்லையா என்ற இயலுமைதான் பேச்சு. செயல் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டும் ‘இங்’ வடிவம் இங்கே ஒட்டாது. ‘ஐ கான்ட் மேக் அவுட் எனிதிங்’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஐ ஆம் நாட் சீயிங் எனிதிங்’ என்பதைவிட ‘ஐ கான்ட் சீ எனிதிங்’ இயல்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். இந்த வினை எதிர்மறையை மிகவும் விரும்பும். உடன்பாட்டில் வந்தாலும் ‘ஜஸ்ட்’, ‘பேர்லி’, ‘ஹார்ட்லி’ போன்ற ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ‘ஐ குட் ஜஸ்ட் மேக் அவுட் எ ஷேப் இன் தி டார்க்’ என்றால் இருட்டில் ஏதோ ஓர் உருவம் இருப்பது மட்டும் ஒருவாறு தெரிந்தது என்று பொருள். பட்டப்பகலில் பத்தடி தூரத்தில் நிற்கும் நண்பரைப் பற்றி ‘ஐ குட் மேக் ஹிம் அவுட்’ என்று சொன்னால் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். சிரமமே இல்லாத இடத்தில் ‘சீ’ போதும்.

கேள்வி: ‘அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது’ என்பதை ‘ஐ மேட் அவுட் தட் ஹி வாஸ் லையிங்’ என்று மேலாளருக்கு எழுதினேன். அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

பதில்: பார்க்கத்தான் செய்வார். ‘மேக் அவுட்’டுக்குப் பின்னால் ‘தட்’ சேர்ந்தால் வேறொரு பொருள் எழுந்து நிற்கும்: உண்மையல்லாததை உண்மைபோல் சொல்வது, பாவனை செய்வது. ‘ஹி மேட் அவுட் தட் ஹி வாஸ் இல்’ என்றால் அவருக்கு உடம்பு சரியில்லாததுபோல் காட்டிக்கொண்டார் என்று அர்த்தம். ஆகவே உங்கள் வாக்கியத்தை, ‘அவன் பொய் சொல்வதாக நானே கட்டிச் சொன்னேன்’ என்று அவர் வாசித்திருக்கலாம். நீங்கள் அவன்மேல் சுமத்த நினைத்த பழி உங்கள்மேலேயே விழுந்துவிட்டது.

பேச்சில் ‘ஐ கேன் மேக் அவுட் தட் ஹி இஸ் ஆங்ரி’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். நம்மவருக்கு அது புரியும். ஆனால் எல்லோருக்கும் ஐயமின்றிப் புரிய வேண்டுமானால் ‘ஐ கேன் டெல் தட் ஹி இஸ் ஆங்ரி’ என்றோ ‘ஐ கேன் சீ தட்’ என்றோ சொல்லுங்கள். இறந்த காலத்துக்கு ‘ஐ குட் டெல் தட் ஹி வாஸ் லையிங்’. ‘மேக் அவுட்’டை விட மனமில்லையென்றால் ‘வாட்’, ‘ஹூ’, ‘வெதர்’ போன்ற கேள்விச் சொற்களோடு இணையுங்கள். ‘ஐ குடன்ட் மேக் அவுட் வெதர் ஹி வாஸ் லையிங்’ என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ கேன் மேக் அவுட்’ என்று தொடங்குவதும் நல்ல வழக்கு. ‘எனக்குத் தெரிந்தவரை’ என்ற அடக்கம் அதில் இருக்கிறது.

பாவனைப் பொருளிலேயே இன்னும் இரண்டு வடிவங்கள் நாளிதழ்களில் கண்ணில் படும். ‘திங்ஸ் ஆர் நாட் ஆஸ் பேட் ஆஸ் பீப்பிள் மேக் அவுட்’ என்றால் ஊர் சொல்கிற அளவுக்கு நிலைமை மோசமில்லை. ‘தே மேக் ஹிம் அவுட் டு பி எ வில்லன்’ என்றால் அவரைக் கெட்டவராகச் சித்திரிக்கிறார்கள்.

கேள்வி: ஒருவர் பேசியது புரியவில்லை என்பதைச் சொல்ல, ‘ஐ கான்ட் மேக் அவுட் வித் ஹிம்’ என்றேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பதில்: ‘வித்’தான் காரணம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘மேக் அவுட் வித்’ என்றால் ஒருவரோடு நெருக்கமாக முத்தமிட்டுக்கொள்வது. ஆளைக் குறிக்கும் சொல்லை ‘வித்’ இல்லாமல் இரண்டு சொற்களுக்கும் நடுவே வையுங்கள்: ‘ஐ கான்ட் மேக் ஹிம் அவுட்’. பேச்சு புரியவில்லை என்றால் ‘ஐ கான்ட் மேக் அவுட் வாட் ஹி இஸ் சேயிங்’ என்று முழுதாகச் சொல்வது நல்லது. ஏனென்றால் ‘ஐ கான்ட் மேக் ஹிம் அவுட்’ என்பதற்கு ‘அவர் எப்படிப்பட்ட ஆள் என்றே பிடிபடவில்லை’ என்ற பொருளும் உண்டு.

அதே அமெரிக்கர்கள் ‘ஹவ் டிட் யூ மேக் அவுட் அட் தி இன்டர்வியூ?’ என்று கேட்டால் பதற வேண்டாம். ‘நேர்காணல் எப்படிப் போனது?’ என்பதுதான் கேள்வி.

கேள்வி: ‘ஹூ ஷல் ஐ மேக் தி செக் அவுட் டு?’ என்று கேட்டால்?

பதில்: காசோலையில் யார் பெயரை எழுதுவது என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால் போதும். புரிதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுதி நிரப்புவது என்பது இந்த வினையின் தனிப்பொருள்.

கேள்வி: ‘தொலைந்த பேனாவைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஃபவுண்ட் அவுட் மை பென்’ சரியா? ஃபைன்ட் அவுட், ஃபிகர் அவுட், ஒர்க் அவுட் மூன்றுக்கும் அகராதியில் ‘கண்டுபிடி’ என்றே போட்டிருக்கிறார்கள்.

பதில்: பேனாவுக்கு ‘அவுட்’ கூடாது. ‘ஐ ஃபவுண்ட் மை பென்’ அவ்வளவுதான். தமிழில் ‘கண்டுபிடி’ மிகப் பெரிய வேலைகளைத் தனியாளாகச் செய்கிறது. பேனாவையும் கண்டுபிடிக்கிறோம், திருடனையும் கண்டுபிடிக்கிறோம், கணக்கின் விடையையும் புதிய மருந்தையும் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலம் இந்த வேலைகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகம் சறுக்கும் இடங்களில் இது ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தொட்டு எடுக்கக்கூடிய பொருளோ தேடிப் போன ஆளோ கிடைத்தால் ‘ஃபைன்ட்’. சாவி, கண்ணாடி, வீடு, வேலை எல்லாம் இதில் அடங்கும்.

தகவல் தெரியவந்தால் ‘ஃபைன்ட் அவுட்’. கேட்டோ, படித்தோ, விசாரித்தோ, யாரோ சொல்லியோ வெளியிலிருந்து வர வேண்டும். ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை உட்கார்ந்து யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே ‘ஃபைன்ட் அவுட் வென் தி ட்ரெயின் லீவ்ஸ்’. தற்செயலாகத் தெரியவந்தாலும் இதே வினைதான்: ‘ஐ ஃபவுண்ட் அவுட் தட் தே வேர் மேரீட்’.

இருக்கிற தகவலை வைத்து, யோசித்து, முயன்று பார்த்து விடைக்கு வந்தால் ‘ஃபிகர் அவுட்’. அங்கே வேலை முழுவதும் தலைக்குள் நடக்கிறது. ‘ஐ ஃபிகர்ட் அவுட் ஹவ் டு ஓபன் இட்’ என்றால் யாரும் சொல்லித்தரவில்லை, நானே திறக்கும் வழியை அறிந்தேன் என்று பொருள்.

கடவுச்சொல்லை வைத்துச் சோதித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘ஹி ஃபவுண்ட் அவுட் மை பாஸ்வேர்ட்’ என்றால் எங்கோ எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறார், அல்லது யாரோ சொல்லிவிட்டார்கள். ‘ஹி ஃபிகர்ட் அவுட் மை பாஸ்வேர்ட்’ என்றால் பிறந்தநாள், பிள்ளையின் பெயர் என்று ஊகித்துப் போட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டார். ‘ஹி குட் ஜஸ்ட் மேக் அவுட் மை பாஸ்வேர்ட்’ என்றால் மங்கலாகவோ கிறுக்கலாகவோ எழுதியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டார். கடவுச்சொல் ஒன்றுதான். அது பறிபோன விதம் மூன்று.

‘ஒர்க் அவுட்’ ஏறக்குறைய ‘ஃபிகர் அவுட்’டின் உடன்பிறப்பு. ‘ஃபிகர்’ என்றால் எண். கணக்குப் போடுவதிலிருந்து கிளைத்து அமெரிக்காவில் வேரூன்றிய ‘ஃபிகர் அவுட்’ இன்று எங்கும் செல்லும். பிரிட்டிஷ் பேச்சில் ‘ஒர்க் அவுட்’டின் செல்வாக்கு இன்னும் பெரிது. செலவு, தூரம், நேரம் என்று எண்ணால் விடை வரும் இடங்களில் ‘ஒர்க் அவுட் தி காஸ்ட்’ என்பது இரு பக்கமும் இயல்பானது. ஆனால் ‘ஒர்க் அவுட்’டுக்கு வேறு வேலைகளும் உண்டு. உடற்பயிற்சி செய்வதும் அதுவே. ‘இட் டிடன்ட் ஒர்க் அவுட்’ என்றால் காரியம் கைகூடவில்லை. செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஐ ஒர்க்ட் இட் அவுட்’ என்றால் விடை கிடைத்தது. ‘ஐ ஒர்க்ட் அவுட்’ என்று நின்றுவிட்டால் உடற்பயிற்சிதான்.

இன்னொரு வித்தியாசம்: முன்பு சொன்ன ‘இங்’ தடை இந்த இரண்டுக்கும் இல்லை. யோசிப்பது நேரமெடுக்கும் செயல் என்பதால் ‘வி ஆர் ஸ்டில் ஃபிகரிங் இட் அவுட்’ முற்றிலும் சரி.

கேள்வி: ‘மேக் அவுட் இட்’, ‘மேக் இட் அவுட்’ இரண்டையும் கேட்கிறேன். எது சரி?

பதில்: இரண்டாவது மட்டும். ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹெர்’ போன்ற ப்ரோனவுன் வந்தால் கட்டாயம் நடுவில் அமர வேண்டும்: மேக் இட் அவுட், ஃபிகர் தெம் அவுட், ஒர்க் இட் அவுட். முழுப் பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடமும் செல்லும். ‘மேக் அவுட் தி லெட்டர்ஸ்’ என்றும் சொல்லலாம், ‘மேக் தி லெட்டர்ஸ் அவுட்’ என்றும் சொல்லலாம். ஆனால் பெயர்ச்சொல்லுக்கு வால் நீண்டால் நடுவே திணிக்காதீர்கள். ‘ஐ குடன்ட் மேக் தி நம்பர் ஆஃப் தி லாரி தட் ஹிட் தி வால் அவுட்’ என்று வாக்கியம் அமைத்தால், ‘அவுட்’ வந்து சேர்வதற்குள் கேட்பவருக்கு ‘மேக்’ மறந்துபோகும். கேள்விச் சொல்லில் தொடங்கும் பகுதி எப்போதும் கடைசியில்தான் வரும்: ‘மேக் அவுட் வாட் ஹி செட்’.

எல்லா ஃப்ரேசல் வெர்புக்கும் இது பொருந்தாது. எது பிரியும், எது பிரியாது என்பதை நல்ல மாணவர் அகராதிகள் காட்டுகின்றன. முதல் வினையின் பதிவுக்குப் போய், அதன் இறுதியில் ஃப்ரேசல் வெர்ப் பகுதியைப் பாருங்கள். நடுவில் இருமுனை அம்புக்குறி இருந்தாலோ, செயப்படுபொருளுக்கான சுருக்கக்குறி இரண்டு சொற்களுக்கும் இடையே இருந்தாலோ அது பிரியக்கூடியது. சுருக்கக்குறி இறுதியில் மட்டும் இருந்தால் பிரிக்கக் கூடாது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடுவதால்தான் ‘மேக் அவுட் இட்’ போன்றவை தொடர்கின்றன.

கேள்வி: ‘கேட்ச் ஆன்’ என்பதும் புரிதல்தானா?

பதில்: ஆம். சற்றுத் தாமதமாகவோ, நேரடியாகச் சொல்லாமல் குறிப்பாலோ புரிந்துகொள்வது. ‘ஹி இஸ் க்விக் டு கேட்ச் ஆன்’ என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார், ‘ஸ்லோ டு கேட்ச் ஆன்’ என்றால் அவருக்குப் புரிய நேரமாகும். எதை என்று சொல்ல வேண்டுமானால் ‘டு’ தேவை: ‘ஷி காட் ஆன் டு தி ட்ரிக்’. ‘டு’வை விட்டுவிடுவதே வழக்கமான பிழை. பாணியோ சொல்லோ பரவலாகிவிட்டது என்பதற்கும் ‘இட் காட் ஆன்’ என்பார்கள்.

கேள்வி: துயரச் செய்தி ஒன்றைக் கேட்ட நண்பர் ‘இட் ஹாஸன்ட் சங்க் இன் யெட்’ என்றார். அவருக்குச் செய்தி புரியவில்லை என்று நினைத்து மீண்டும் விளக்கத் தொடங்கிவிட்டேன்.

பதில்: செய்தி அவருக்குப் புரிந்திருந்தது. மனம்தான் இன்னும் ஏற்கவில்லை. ‘சிங்க் இன்’ என்பது அறிவைக் கடந்து மனதில் மெல்ல இறங்குவதைச் சொல்கிறது. இதில் எழுவாயாக நிற்பது செய்திதான், ஆள் அல்ல. ‘ஐ ஹாவன்ட் சங்க் இன்’ என்று சொல்வதில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டால் விளக்கம் வேண்டாம், சற்று அவகாசம் கொடுத்து அருகில் இருங்கள்.

ஆளை எழுவாயாக்க வேண்டுமானால் ‘டேக் இன்’ இருக்கிறது. ‘ஐ குடன்ட் டேக் இட் இன்’ என்றால் உள்வாங்க முடியவில்லை. ஒரே நேரத்தில் தகவல் குவிந்துவிட்டாலும் இதுவே: ‘தேர் வாஸ் டூ மச் டு டேக் இன்’. ஆனால் செயப்பாட்டு வினையில் எச்சரிக்கை தேவை. ‘ஐ வாஸ் டேக்கன் இன்’ என்றால் ஏமாற்றப்பட்டேன் என்று பொருள்.

கேள்வி: ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்று ஒருவர் கேட்டார். பணிவான கேள்வியா?

பதில்: குரலைப் பொறுத்தது. ‘நீங்கள் சுற்றிவளைத்து என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்பது பொருள். நண்பர்களிடையே சாதாரணம். உயர்ந்த குரலில் வந்தால் ‘என்ன குத்திக் காட்டுகிறீர்கள்?’ என்ற கோபம் அதில் இருக்கும். மேலதிகாரியிடமோ புதியவரிடமோ ‘குட் யூ எக்ஸ்பிளெயின் வாட் யூ மீன்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: தேர்வுக் கட்டுரையிலும் அலுவல் கடிதத்திலும் ‘ஃபிகர் அவுட்’ எழுதலாமா?

பதில்: இலக்கணப்படி தவறில்லை, தொனிதான் பொருந்தாது. ஆய்வறிக்கை, புகார்க் கடிதம், விண்ணப்பம் போன்றவற்றில் ‘டிட்டர்மின்’ பொருந்தும். எண்ணால் வரும் விடைக்கு ‘கால்குலேட்’. மங்கிய எழுத்தைப் படிப்பதற்கு ‘டிசைஃபர்’, தொலைவில் உள்ளதைக் காண்பதற்கு ‘டிசர்ன்’. ‘ஃபைன்ட் அவுட்’டுக்குப் பதில் ‘அஸர்டெய்ன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சரியான சொல்தான், ஆனால் சாதாரண மின்னஞ்சலுக்கு அது பட்டாடை உடுத்தியதுபோல் இருக்கும். அங்கே ‘ஃபைன்ட் அவுட்’ என்றே எழுதலாம். இவற்றில் ‘ஃபைன்ட் அவுட்’தான் எல்லா இடத்துக்கும் ஓரளவு பொருந்தக்கூடியது.

கேள்வி: படிக்கும்போது இவையெல்லாம் புரிகின்றன. வேகமாகப் பேசும்போது ‘அவுட்’ எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

பதில்: முன்சொல்லின் கடைசி மெய்யோடு அது ஒட்டிக்கொள்கிறது. ‘மேக் அவுட்’ என்பது ‘மேக்கவுட்’ ஆகிறது. ‘மேக் இட் அவுட்’ என்பது ‘மேக்கிட்டவுட்’ ஆகிறது. நடு ‘ட்’ அமெரிக்கர் வாயில் மேலும் மெலிந்து ‘ட’வுக்கும் ‘ர’வுக்கும் இடைப்பட்ட ஒலியாகிவிடும். ‘ஃபிகர்’ என்பதையும் பிரிட்டனில் ‘ஃபிக’ என்பதுபோலவும் அமெரிக்காவில் ‘ஃபிக்யர்’ என்பதுபோலவும் சொல்வார்கள்.

ஆனால் ‘அவுட்’ மறைவதில்லை. இந்த வினைகள் வாக்கியத்தின் இறுதியில் வரும்போது அழுத்தம் விழுவது அதன்மேல்தான். ‘ஐ கான்ட் மேக் இட் அவுட்’ என்பதில் ‘இட்’ கரைந்துவிடும், ‘அவுட்’ உரத்து நிற்கும். நம்மில் பலர் ‘மேக்’கை அழுத்தி ‘அவுட்’டை விழுங்குகிறோம். அதனால் கேட்பவருக்கு வினையின் பாதி போய்விடுகிறது. உடற்பயிற்சியைக் குறிக்கும் ‘ஒர்க்அவுட்’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் அழுத்தம் முதற்பகுதிக்கு மாறும். எழுதும்போதும் அதை ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். அவற்றின் ஒலிப்பதிவைக் கேட்டு, ‘அவுட்’ வரும் இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு அதே தட்டோடு நீங்கள் சொல்லிப் பாருங்கள். தட்டு தவறாமல் விழத் தொடங்கியதும் மேசையை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.